மெத்தைக் கடையில் பதிந்த பாட்டு

சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தமாகவே வெளியிடுகிற தொழிலுக்கு முதலில் வேண்டியது குரலும் இல்லை, ஞானமும் இல்லை. சத்தம் புகாத நாலு சுவர். இந்த வழியில் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பீரோவுக்குள் தலையை விட்டுப் பாடியிருப்பீர்கள், போர்வைக்குள் வேர்த்து வழிந்திருப்பீர்கள், கடைசி வரி அருமையாக வரும்போது பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியிருக்கும். எங்கள் கள்ளக்குறிச்சியில் மிக்ஸி நின்றால் பஸ் ஹாரன், ஹாரன் நின்றால் ஷேர் ஆட்டோக்காரர் ஆள் கூப்பிடுவார்.

நான் மெத்தைக் கடையில் வேலை செய்கிறவன். பஞ்சு அடைப்பேன், வண்டியில் ஏற்றி இறக்குவேன். என் மனைவி மலர் அதே கடையில் உறை தைக்கிறாள். என்னிடம் ஒரு பழைய கீபோர்டு, ஒரு லேப்டாப், ஒரு மைக் உண்டு. இவற்றை வைத்து ஒரே ஒரு பாட்டுப் போட்டேன். ஊர் உலகம் கேட்கவேண்டும் என்று போட்டதில்லை. தூக்கம் வராத ஒருத்தியைத் தூங்க வைக்கப் போட்டது. அந்த ஒருத்தி மலர்தான். ஒன்றரை வருஷமாக அவள் கண் அசந்து நான் பார்க்கவில்லை. கோழித் தூக்கம் மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். கல்வராயன் மலைமேல் இருக்கும் மாமியார் வீட்டுக்கு நான் தனியாகப் போகும்போதெல்லாம் அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், புள்ள தூங்குதா என்று. தூங்குகிறாள் என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன்.

பாய் கொடுத்த ஸ்டுடியோ

இடம் கிடைத்தது தற்செயலாகத்தான். கடையின் பின் அறையில், ஆள் உயரத்துக்கு அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே ஒருநாள் நின்று இருமினேன். இருமல் வாயை விட்டு வந்ததும் காணாமல் போய்விட்டது. கைதட்டிப் பார்த்தேன், கை எரிந்ததே தவிர எதிரொலி துளிகூட இல்லை. மேலே கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு பட்டையாக இறங்கியது. அதில் இலவம்பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. எந்தப் பஞ்சுக்கும் தரைக்கு வரும் அவசரம் இல்லை. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே பஸ் நிலையம் ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போவார், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர இரண்டரை ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். பாட்டுக்கு எதற்கு மெத்தை என்று அவருக்குப் புரியவில்லை. மெத்தை சத்தத்தைக் குடித்துவிடும் என்று விளக்கினேன். இத்தனை வருஷம் விற்ற சரக்கில் இப்படி ஒரு குணம் இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கொஞ்ச நேரம் மெத்தைகளையே பார்த்தார். பிறகு சாவியை என் கையில் வைத்துச் சொன்னார்:

"பாடு சேகரு, நான் வேணாங்கல. ஆனா ஜாஸ்தி மூச்சு இழுத்துப் பாடாத, பஞ்சு உள்ள போயிடும்."

சின்னசேலத்துப் பாடகர்

எனக்குக் குரல் உண்டு, நம்பிக்கைதான் கம்மி. அதனால் சின்னசேலத்திலிருந்து ஜெயபால் அண்ணனை அழைத்து வந்தேன். கல்யாண மண்டபங்களில் மூன்று மணி நேரம் நின்றபடி பாடுகிறவர். எங்கள் அறையில் அவர் நிற்க இடமில்லை, எங்கும் மெத்தை. ஆகவே உட்கார்ந்து பாடினார்.

மேகம் எறங்குது மேட்டு மேல, மெல்ல நடந்தா போதும்,
காத்தும் ஒறங்குது காட்டு மேல, கண்ண மூடுனா போதும்.

பல்லவியைப் பாடி முடித்தார். நாற்பது விநாடி கீபோர்டு இசை. சரணம் வரவேண்டிய இடத்தில் குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணன் மெத்தையில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் குறட்டை சரியான தாளத்தில் பதிவாகியிருக்கிறது, அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. எனக்கும் கண்ணைச் சுற்றியது. அறையில் முழுதாக விழித்திருந்தது தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மலர் மட்டும்தான். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உறைக்கு நூல் கோத்தாள்.

அண்ணன் எழுந்து முகம் கழுவி, டீ குடித்து, இதை நீயே பாடு என்று சொல்லிவிட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் சமாதானம் சொன்னார்:

"தப்பா நெனச்சிக்காத தம்பி. முப்பது வருசமா மேடையில பாடிக்கினு கீறேன். பாடும்போது எனக்கே தூக்கம் வந்தது இதான் மொத தடவ."

கல்யாண மெத்தை

அடுத்த வெள்ளிக்கிழமை நானே பாடிப் பழகிக்கொண்டிருந்தேன். பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். கச்சிராயபாளையத்துப் பக்கம். மகள் கல்யாணத்துக்கு மெத்தை வேண்டுமாம். வந்த வாடிக்கையாளரை விரட்ட முடியுமா? ஒரு பத்து நிமிஷம் என்று சொல்லி உட்காரச் சொன்னேன். மெத்தை வாங்க வருகிறவர்கள் உட்காருவதில்லை, படுத்துத்தான் பார்ப்பார்கள். அவரும் துண்டைத் தலைக்குக் கொடுத்துப் படுத்தார். நான் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இரண்டாவது வரியில் அவர் தூங்கிப் போய்விட்டார். அரைமணி நேரம் அசையவில்லை. கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து மனுசன் தூங்கவே இல்லை என்று அந்த அம்மா மலரிடம் மெதுவாகச் சொன்னார். மடியில் பையை வைத்துக்கொண்டு, மிதக்கும் பஞ்சைப் பார்த்தபடி, எழுப்பாமல் காத்திருந்தார். மலரும் தைப்பதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டுப் போடுகிறவனுக்கு இது அவமானம் என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்கிறவர் தாளம் போடவேண்டும், முணுமுணுக்க வேண்டும், இன்னொரு தடவை போடச் சொல்லவேண்டும். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மருந்து வேலை செய்கிறது, வேண்டியவளுக்கு மட்டும் ஏறவில்லை, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர் எழுந்ததும் தான் படுத்திருந்த மெத்தையையே கேட்டார். அது வேறொருவர் ஆர்டர் கொடுத்தது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னது இது:

"சரி, வேற மெத்தையே குடுங்க. ஆனா இப்ப பாடிக்கினு இருந்தீங்களே, அதையும் சேத்துக் குடுக்கணும்."

டிட்டிட் டிட்டிட்

பழகிவிட்டேனே தவிர, ஒரு பதிவும் உருப்படியாக அமையவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் டிட்டிட் டிட்டிட் என்று ஒரு சத்தம் நுழையும். இந்த எதிரி உங்களுக்கும் பழக்கமானவன்தான். பக்கத்தில் இருக்கும் பட்டன் போன். அழைப்பு வரவேண்டும் என்றுகூட இல்லை, அது டவரிடம் நலம் விசாரித்தாலே ஒயரில் ஏறிவிடும். அதனால் பதிவு தொடங்குமுன் அறையிலிருக்கும் எல்லா போனையும் அணைப்பது எங்கள் தொழிலில் செருப்பை வாசலில் விடுகிற மாதிரி. நான் அணைத்தேன். மலர் அணைக்கவில்லை. அப்படியானால் வெளியே போய் உட்கார் என்றேன். போனாள். ஆனால் அவள் முகம் எதிரில் இல்லாவிட்டால் எனக்குச் சுருதி நிற்கவில்லை. திரும்ப உள்ளே கூப்பிட்டேன், கூடவே டிட்டிட்டும் வந்தது.

அவள் ஏன் அணைக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், குமார். மலையிலிருந்து இறங்கிவந்து கருணாபுரத்தில் அறை எடுத்துக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு மலர் படுத்துத் தூங்கிவிட்டாள். போன் மடித்த துணிகளுக்கு அடியில் கிடந்தது. குமார் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். அவள் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டபோது போனை எடுத்தது வேறு யாரோ. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் உடம்புக்கு என்ன என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குப் பிறகு மலர் படுப்பாள், கண்ணை மூடுவாள், ஆனால் கை மட்டும் போன்மேல் இருக்கும். டவர் இல்லாத காரணத்தால் அம்மா வீட்டுக்குக்கூட அவள் போவதில்லை.

இவ்வளவும் தெரிந்தும் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. ஒன்பதாவது தடவை பாட்டு கெட்டபோது, நாலு நிமிஷம் அணைத்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கோபப்படவில்லை. போனை மடியிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பாட்டு தப்பாப் பூட்டா இன்னொரு வாட்டி பாடிக்கலாங்க. போனு அப்படி இல்ல."

கடைக்கு வெளியே ஒரு ஸ்டூல்

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. டிட்டிட்டோடு சேர்த்தே பாடிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பாய் ஒன்றரைக்கே வந்துவிட்டார். தொழுகை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்திருந்தார். பாட்டு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். நான் மென்று விழுங்கினேன். மலரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தம்பி கூப்பிட்ட மூன்று தடவையையும் சேர்த்து. தம்பி இறந்தது பாய்க்குத் தெரியும், இந்த மூன்று தடவை தெரியாது. தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், அணைக்க வேண்டாம், என்னிடம் கொடு என்றார். ஷட்டருக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினார். யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவதாகச் சொன்னார். மலர் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கொடுத்துவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் அந்த போன் அவள் கையை விட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே வந்து ஒரு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு பாடினேன். வெளியே மேகம் மூடியிருந்ததால் வெயில் பட்டை வருவதும் போவதுமாக இருந்தது. வந்தபோது பஞ்சு தெரிந்தது, போனபோது அறையே ஒரு பஞ்சு மூட்டை ஆயிற்று. டிட்டிட் வரவில்லை. மேகம் எறங்குது, காத்தும் ஒறங்குது, எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால் மலர் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை காலியாக விரிந்து கிடந்தது. தூங்கிவிட்டாள். மைக்கை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அவள் மூச்சுவிடும் சத்தத்தை லேப்டாப் தன் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, சத்தம் வராமல் அழுதேன், ஒலிப்பதிவு நடக்கிறதே.

மூன்றரை மணிக்குத்தான் வெளியே வந்தேன். பாய் அதே ஸ்டூலில், சாப்பிடாமல், உள்ளங்கையில் போனை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வியாபாரத்துக்கு வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன்.

"மூணு போன் வந்துச்சு. ரெண்டு பேரு லோனு வேணுமான்னாங்க, ஒண்ணு ராங் நம்பரு. மூணு பேருகிட்டயும் சொல்லிட்டேன், பொண்ணு தூங்குது, எழுப்ப மாட்டேன்னு."

பேர் எழுதும் கட்டம்

பாட்டைப் பதிவது பாதிக் கிணறு, வெளியிடுவது மீதிக் கிணறு. போன்களில் வருகிற பாட்டுச் செயலிகளுக்கெல்லாம் அனுப்பிவைக்கிற கம்பெனி ஒன்றில் விண்ணப்பிக்க வேண்டும். ஆங்கிலப் படிவம். எனக்குப் பயம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தேவகியிடம் போனேன். பட்டா மாறுதல், வருமானச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற பெண். ஆதாரைக் கேட்டாள், கொடுத்தேன். பாடியவர் பெயர் என்ற கட்டத்தில், கைப்பழக்கத்தில், சேகர் த/பெ காளியப்பன் என்று அடித்து அனுப்பிவிட்டாள். அதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. பாட்டு வெளிவந்தபோது உலகம் முழுக்க என் கலைப்பெயர் அதுதான். மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன், இன்னும் மாறவில்லை. பாட்டு என்றாலே எரிந்து விழுந்த என் அப்பா மேலே இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விண்ணப்பித்து நாலு நாள் கழித்து கம்பெனியிடமிருந்து கடிதம். பாட்டின் கடைசி ஒன்பது விநாடியில் தேவையில்லாத இரைச்சல் இருக்கிறது, நீக்குங்கள், அல்லது வேண்டுமென்றே வைத்தது என்று உறுதி செய்யுங்கள். மலரின் மூச்சை நான் வெட்டாமல் விட்டிருந்தேன், அதைத்தான் சொல்கிறார்கள். தேவகி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து கேட்டாள். வரிசையில் நின்ற பத்துப் பேர் முணுமுணுத்தார்கள். அவள் கன்னத்தில் கைவைத்தபடி மானிட்டரைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தும் உடனே கழற்றவில்லை. மூச்சு யாருடையது என்று கேட்டாள், சொன்னேன். ஒரு கட்டத்தில் டிக் அடித்து அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள்:

"இரைச்சலாம்ணா. வேணும்னுதான் வச்சோம்னு போட்டுட்டேன், நீங்க ஒண்ணும் மாத்தாதீங்க."

கடைசி வளைவு

பாட்டு வெளிவந்த அன்று நாங்கள் வெள்ளிமலை பஸ்ஸில் இருந்தோம். மலரே கேட்டாள், அம்மா வீட்டுக்குப் போகலாமா என்று. மலைப்பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. அதோடு டவர் முடிந்துவிடும். டிரைவர் அங்கே வேகத்தைக் குறைப்பார், பஸ்ஸில் இருக்கும் எல்லோரும் சரி வச்சிடறேன், மேல டவரு இல்ல என்று ஒரே நேரத்தில் சொல்லி முடிப்பார்கள். நான் என் போனில் பாட்டைத் தேடினேன். வந்துவிட்டது. அப்பா பெயரோடு, என் பாட்டு. பல்லவியில் பாதி ஓடியதும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மலர் அவசரமாக பாய்க்கு போன் போட்டு, நாங்கள் நாளைக்குத் திரும்பி வரும் வரைக்கும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்டமாதிரி தெரியவில்லை. அவள் போனிலிருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசிக் கோடும் போனதும் அதைப் பைக்குள் போட்டுவிட்டு என் தோளில் சாய்ந்தாள். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது. வெள்ளிமலை வரைக்கும் நான் தோளை அசைக்கவில்லை.

மாமியார் முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மலர் முகம் கழுவ ஓடைப் பக்கம் போயிருந்தாள். வழக்கமான கேள்வியை அவர் கேட்குமுன், போனில் வைத்திருந்த பாட்டைப் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். முறத்தை நிறுத்தாமலேயே கேட்டார். பல்லவிக்கும் சரணத்துக்கும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாப்பிள்ளை பாட்டு இதுதானா என்பது போல சாமை தன் பாட்டுக்கு மேலே போய்க் கீழே வந்தது. பாட்டு முடிந்தது. அந்த ஒன்பது விநாடி வந்தது. முறம் நின்றுவிட்டது. இன்னொரு தடவை அந்தக் கடைசியை மட்டும் போடச் சொன்னார். போட்டேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பாடறது யாருன்னு தெரில மாப்ள. கடைசில தூங்குது பாருங்க, அது எம் பொண்ணு."

ஆக, நாலு நிமிஷம் மூச்சடக்கிப் பாடியவன் நான், பேர் வாங்கியதோ ஒன்பது விநாடி மூச்சுவிட்டவளும் படிவத்தில் ஏறிய என் அப்பாவும்தான்.